முன்னுச்சியில் விழுந்த நிழல்

ஓடிப்போனாளாம்! யாரோடு ஓடினாள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். ஒருத்தி வளையல்காரனோடு என்கிறாள். இன்னொருத்தி புளியங்குடி லாரிக்காரனோடு என்கிறாள். அடுத்த வீட்டுச் சுந்தரம்மாள், பக்கத்தில் நின்று வழியனுப்பி வைத்தவள் போல, "விடியுமுன்ன துணிமூட்டையோட ரயிலேறிட்டா, நான் அப்பவே சொன்னேம்லா" என்கிறாள். ஐம்பது வயதை நெருங்கிய பொம்பளை. மழித்த தலையில் விரற்கடை அளவு முடி. பாம்படம் கழற்றிய காது வெறுமனே தொங்குகிறது. கட்டின புருஷன் பெயரைக் கேட்டால் எருமையின் பெயரைச் சொல்கிறாள். இவள் எவனைக் கண்டு மயங்கி எந்த லாரியில் ஏறினாள்?

சொல்லட்டும். வாய் இருக்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆவுடைத்தாய் ஓடவும் இல்லை, ஒருத்தனோடு போகவும் இல்லை. கள்ளி என்றது பொய். பேய் பிடித்தவள் என்றதும் பொய். அவளுக்கு என்ன வந்தது என்று இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவள் புருஷன் சிவனாண்டிக் கோனார். அவர் வாயைத் திறக்க மாட்டார். இன்னொருவர் ஜவுளிக்கடை மைதீன் பாட்சா. அவர் சொல்லித்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

ஆவுடைத்தாய்க்குக் கரிவலம்வந்தநல்லூர் பிறந்த ஊர். பதினைந்து வயதில் சிவனாண்டிக்குக் கழுத்தை நீட்டிச் சங்கரன்கோவிலுக்கு வந்தாள். வீட்டில் மூன்று எருமை. மேய்ப்பதும் கறப்பதும் அவர் வேலை. உறை ஊற்றுவதும் தயிர் விற்பதும் அவள் வேலை. முப்பது வருஷமும் ஒரே பாதைதான். படியிறங்கி வடக்கே திரும்புவாள். ரத வீதி, அக்கிரகாரம், கடைசியாக மைதீன் பாட்சாவின் கடை. பாட்சாவுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். கடை மட்டும் இங்கே. மத்தியானச் சோற்றுக்கு அவள் ஊற்றும் தயிர் இல்லாமல் அவர் கை நனைக்க மாட்டார்.

தயிர் கெட்டியாக இருக்கும், அது ஒரு பக்கம். அவள் பானையை இறக்கி வைத்தால் அந்த வீட்டுப் பொம்பளை பாத்திரம் எடுக்குமுன் மனசைத் திறந்து கொட்டிவிடுவாள். மாமியார் கொடுமை, மகன் காகிதம் போடாதது, எல்லாம். அத்தனையும் கேட்டுக்கொள்வாள். ஒரு வீட்டுச் சேதி அவளோடு அடுத்த வீட்டுப் படி ஏறினதே கிடையாது. முப்பது வருஷம் அப்படி இருந்தவளைத்தான் இன்று அதே வீடுகள் வறுத்தெடுக்கின்றன.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆன கோடையில் அது ஆரம்பித்தது. சிவனாண்டி மேய்ச்சலிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். எப்போதும் அவர் உட்காருமுன்னே "சாப்பிடுதியளா?" என்று கேட்டுவிடுவாள். அன்றைக்குக் கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து தான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எனக்குக் கெடையாதா?" என்று சிரித்தார்.

"பானையில இருக்கு" என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

கோபமாக இருந்தால் சமாதானம் சொல்லலாம். அதற்கப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. துட்டி வீட்டுக்குப் போனவள் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வடை போடலியா?" என்று கேட்டுச் சிரித்தாள். பலசரக்குக் கடையில் பொரிகடலையைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தாள். கொடியில் காய்ந்த சுந்தரம்மாளின் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலிலேயே போய் நின்றாள். திருட வேண்டும் என்று நினைக்கிறவள் அந்தச் சேலையோடு அந்த வாசலுக்குப் போவாளா? இதை யாரும் யோசிக்கவில்லை. கெட்ட வார்த்தையே தெரியாத வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. தயிரை வழியிலேயே வழித்துத் தின்றாள். வாடிக்கைகள் ஒவ்வொன்றாக வேறு தயிர்க்காரியிடம் போயின. கட்டிக்கொடுத்த மகளையும் மாமியார் வீட்டில் தாயைப் பார்க்க விடவில்லை. பைத்தியம் பேரப்பிள்ளைக்குத் தொற்றும் என்று பயந்தார்களாம்.

"பேய்தான்" என்றது கிணற்றடி. சரி, ஊருக்குள்ளேயே கோமதியம்மன் இருக்கிறாள். சந்நிதிக்கு முன்னால் தரையில் சக்கரக் குழி இருக்கிறது. பேய் பிடித்தவர்களையும் சித்தம் கலங்கினவர்களையும் அதில் உட்கார வைப்பார்கள். ஆடித் தீர்த்துவிட்டுத் தெளிந்து எழுந்து போவார்கள் என்பது ஐதீகம். சிவனாண்டி ஒரு மண்டலம் அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பக்கத்தில் மற்றவர்கள் தலையை விரித்துப்போட்டு ஆடினார்கள், அலறினார்கள். ஆவுடைத்தாய் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தாள்.

"இது ஊமைப் பேயில்லா புடிச்சிருக்கு. பேசுத பேயின்னாலாவது வெரட்டிரலாம்" என்றாள் சுந்தரம்மாள்.

சிவனாண்டி விடவில்லை. கோயில் புற்று மண்ணைத் தினமும் கொண்டுவந்தார். இந்த ஊரில் சொறி சிரங்குக்கும் அதுதான், விஷக்கடிக்கும் அதுதான். நோய் தலையில் என்பதால் மண்ணை நல்லெண்ணெயில் குழைத்து அவள் முன்னுச்சியில், முடிக்கு அடியில் அப்பினார். நேற்று வைத்ததை இன்று கழுவ மனசு வராது. அம்மன் கொடுத்ததைச் சாக்கடையில் விடலாமா? அதன் மேலேயே இன்னொரு பூச்சு. மேலே முடியைப் படிய வாரிவிடுவார். அவள் சீப்பைத் தொட்டே நாளாகியிருந்தது. வாருவதும் முடிவதும் அவர்தான். ஒரு வருஷத்தில் அது ஓடு மாதிரி இறுகிவிட்டது. வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் மைதீன் பாட்சா அவரைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"கோனாரே, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதியும். இது பேயில்ல வே. எங்க மச்சான் ஒருத்தருக்குத் தலைக்குள்ள கட்டி வந்துச்சு. தங்கமான மனுசன், தொழுகைக்கு நின்ன எடத்துல கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. நாங்களும் ஓதிப் பாக்காத எடமில்ல. மதராஸ்ல அந்தக் கட்டிய எடுத்தாங்க. இப்ப கொழும்புல யாவாரம் பாக்காரு."

"அதே ஆளாவா வந்தாரு?"

"அதே ஆளுதான். மொத நாளே எம்மேல கோவப்பட்டாருன்னா பாரும்."

சிவனாண்டி அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே பிடிக்கப் போனார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார் டாக்டர், கழற்றினார்கள். பாம்படத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினார்கள். கொண்டை ஊசி உண்டா என்று கேட்டார், இல்லை. மண் உண்டா என்று எந்த டாக்டர் கேட்பார்? உண்டு என்று சொல்லச் சிவனாண்டிக்குத்தான் எப்படித் தோன்றும்?

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, முன்பக்கம் இந்த இடத்தில வெள்ளையா ஒரு நிழல் தெரியுது. சுண்ணாம்பு படிஞ்ச கட்டியா இருக்கலாம். நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். மதராஸுக்குப் போங்க. கட்டின்னா எடுக்க வழி உண்டு."

தலையில் கட்டி என்றால் யாரும் இடிந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிவனாண்டி பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். தெருவில் இறங்கினதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "கட்டிதான், வேற ஒண்ணுமில்ல. எடுத்துட்டா பழைய ஆவுடைத்தாயா வந்துருவா."

"கட்டி வந்தா தலை வலிக்கும் அண்ணாச்சி. அடுத்தவ சேலையவா உருவச் சொல்லும்?" என்றாள் சுந்தரம்மாள்.

"வந்து கேப்பா பாரு. ஒன் வாசல்ல நின்னு, எப்படியிருக்கே சுந்தரம்னு கேப்பா. அப்பம் நீ எங்கன மூஞ்சிய வைக்கேன்னு பாக்கேன்."

ஒரு எருமை கைமாறியது. செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலில் மூவரும் மதராஸுக்குப் போனார்கள். பாட்சாவுக்கு அங்கே சரக்கு எடுக்கும் வேலை. அதைச் சாக்கு வைத்துக் கூடவே இருந்தார்.

மதராஸ் டாக்டர் வயசாளி, நிதானமானவர். அவள் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். வாசனை தெரிகிறதா என்று காப்பித்தூளை மூக்கில் காட்டினார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, வலிப்பு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சிவனாண்டி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறுவதைப் பார்த்து, "எப்பவாவது வலிச்சிருக்கும் சாமி, அவளுக்குச் சொல்லத் தெரியாது" என்று தானாகச் சேர்த்துக்கொண்டார்.

"பெரியவரே, உங்க படத்தில ஒரு நிழல் இருக்கு. அதை நம்பி மண்டையைத் திறக்க முடியாது. பின்பக்கம் ரெண்டு சின்னத் துளை போட்டு உள்ள இருக்கிற தண்ணியை எடுத்துட்டுக் காத்தை விடுவோம். காத்துப் போன இடமெல்லாம் படத்தில கறுப்பா விழும். உள்ள கட்டி இருந்தா அந்தக் கறுப்பை ஒரு பக்கமாத் தள்ளியிருக்கும். தள்ளலைன்னா இது வேற நோய்."

"வேற நோயின்னா?"

"முதல்ல படம் எடுப்போம்."

தலையை மழிக்க ஆஸ்பத்திரி நாவிதர் வந்தார். முன்னுச்சியில் கத்தி கரகரத்தது. "என்னாய்யா இது, தலைமேல காரை பூசி வச்சிருக்கே?" என்றார் அவர். தண்ணீர் விட்டு ஊற வைத்தும் கரையவில்லை. முடியோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு. அது கீழே விழாமல் சிவனாண்டி துண்டில் ஏந்தி முடிந்துகொண்டார். மொட்டைத் தலையோடு ஆவுடைத்தாய் அவரைப் பார்த்தாள். பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தாள்.

காற்று விடுமுன் வெறுமனே ஒரு படம் எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் நிழல் இருந்தது. புதியதில் அந்த இடம் துடைத்துவிட்டது போல இருந்தது.

"இந்த இடத்தில தலையில ஏதாவது வச்சிருந்தீங்களா?"

சிவனாண்டி துண்டை அவிழ்த்தார். டாக்டர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். அந்தச் சில்லை மட்டும் கொண்டுபோய் மிஷினில் வைத்து ஒரு படம் எடுத்துவரச் சொன்னார். வந்தது. அதே நிழல், அதே விளிம்பு.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார் பாட்சா. டாக்டர் திட்டவில்லை. சில்லைத் திருப்பி அவர் துண்டிலேயே வைத்தார். ஒரு வருஷமாகத் தன் கையால் பூசிப் பூசிச் செய்து, எருமையை விற்று இத்தனை தூரம் சுமந்துவந்த நம்பிக்கை என்னவென்று சிவனாண்டி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்கினார்.

"இந்த நெழலு போவட்டும் சாமி. இதுக்கு அடியில, சுண்ணாம்பு படியாத கட்டி ஒண்ணு இருக்கலாமில்லா?"

"இருக்கலாம். அதுக்குத்தான் காத்து விட்டுப் பார்க்கிறது" என்றார் டாக்டர்.

மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோனபோது சிவனாண்டி வெளியே மரத்தடியில் உட்கார்ந்தார். ஊரில் இருக்கிற அம்மனை மதராஸில் இருந்து கூப்பிட்டார். பாட்சா பக்கத்தில் இருந்ததால் அவர் வேண்டியது காதில் விழுந்தது: "தாயே, ஒரு நெல்லிக்கா பெருசுக்குக் குடு. சுண்டக்கா பெருசுக்காவது ஒரு கட்டியக் குடு." பெண்டாட்டி தலைக்குள் கட்டி கேட்டு வேண்டிய மனுஷன் அவர் ஒருவராகத்தான் இருப்பார். உள்ளேயிருந்து அவள் அலறும் சத்தம் கேட்டது. பேய் ஏறாத சக்கரத்தில் ஒரு மண்டலம் சும்மா இருந்தவள், அங்கே அலறினாள்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். ஐந்தாறு படங்கள் வெளிச்சத்தில் தொங்கின. ஒவ்வொன்றிலும் மண்டை ஓடு, அதற்குள் கறுப்பு.

"எதுவும் எதையும் தள்ளலை, பெரியவரே. ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. கட்டி இல்லை. முன்பக்க மூளை சுருங்கிப்போச்சு. சுருங்கின இடத்தில எல்லாம் காத்துப் போய் நிறைஞ்சிருக்கு. அதுதான் இந்தக் கறுப்பு."

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்தான்."

"எடுக்க முடியாதா?"

"எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே. இல்லாமப் போனதை வைக்கவும் எங்களால முடியாது. மருந்து கிடையாது. இன்னும் சுருங்கும்." படங்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு விஷயம் செய்யுங்க. கதவைச் சாத்தி வைங்க. இந்த நோய்க்காரங்க எழுந்து நடந்து போயிடுவாங்க. இவங்க செய்யறது எதுவும் தெரிஞ்சு செய்யறதில்லைன்னு உங்க தெருவில எல்லாருக்கும் சொல்லுங்க."

இந்த இரண்டாவது சொல்லைச் சிவனாண்டி கேட்கவில்லை. அவர் பேரில் எத்தனை பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அங்கேதான் அவர் தப்பு செய்தார். ரயில் இறங்கி வீடு வந்ததும் தெருவே கூடியது. மொட்டைத் தலையையும் அதில் இரண்டு தையலையும் பார்த்தார்கள். "கட்டிய எடுத்தாச்சா கோனாரே?" என்று கேட்டார்கள். கட்டியே இல்லை என்றால் நிழல் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். புற்று மண் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரோ, இல்லை என்று ஆட்டினாரோ, அவருக்கே தெரியாது. தெரு ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

பதினைந்து நாள் எல்லோரும் பொறுத்துப் பார்த்தார்கள். பலகாரம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினாறாம் நாள் அவள் பலசரக்குக் கடையில் போய்ப் பொரிகடலையை அள்ளினாள்.

"பாத்தியளா?" என்றாள் சுந்தரம்மாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "மண்டையத் தொளைச்சுக் கட்டிய எடுத்தாச்சு. இன்னும் எதுக்குக் களவாங்குதா? நோயின்னா போயிருக்கணும்லா? இது பொறவிக் குணம்."

முன்பாவது பேயென்று பாதிப் பேர் இரக்கப்பட்டார்கள். இப்போது அதுவும் போயிற்று. புருஷன் தலையாட்டின ஒரே ஆட்டில் ஆவுடைத்தாய் முழுக் கள்ளியானாள். பாட்சா வந்து, "நெசத்தச் சொல்லும் வே. நான் சொன்னா வெளியூர்க்காரன் சொல்லுதாம்பாங்க. நீரு சொன்னாத்தான் நம்புவாங்க" என்று மன்றாடினார். "நாளைக்குச் சொல்லுதேன் பாய்" என்பார் சிவனாண்டி. அந்த நாளை வரவே இல்லை.

கதவைச் சாத்தினாரா என்றால், சாத்தினார். வெளியே நாதாங்கி போட்டுவிட்டு மேய்ச்சலுக்குப் போனார். திரும்பி வந்தால், பொழுதெல்லாம் கதவைச் சுரண்டி அவள் விரல் நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது. நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து, வெறும் தயிர்ப் பானையை வைக்கோல் பிரிமணையோடு அவள் தலையில் வைத்தார். அவள் படியிறங்கி, வடக்கே திரும்பி நடந்தாள். கால் அந்தப் பாதையை மறக்கவில்லை. அவர் பத்தடி பின்னால் நடந்தார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மீதி இரண்டு எருமைக்கும் புல் அறுத்து வீட்டிலேயே போட்டார், மேய்ச்சல் நின்றது. ரத வீதியில் அவள் நின்ற இடத்தில் அவரும் நிற்பார். கதவு திறக்காது. அவள் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கடைசியில் பாட்சா கடை. பாட்சா ஒருவர்தான் கிண்ணத்தை நீட்டுவார். அவள் காலிப் பானைக்குள் உழக்கை விட்டு எடுத்து ஊற்றுவாள். "போதும் தாயி, போதும்" என்று காலிக் கிண்ணத்தை மூடி உள்ளே வைப்பார். தெருப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிவனாண்டி அந்த நேரத்தில் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் பானைக்கு என்று ஓர் இடம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், பிரிமணை மேல். பானை அங்கே இருந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள். அவர் கொல்லையில் கறக்கும்போதும் சாணி அள்ளும்போதும் பின்வாசல் வழியே ஓரக்கண்ணால் பானையைப் பார்த்துக்கொள்வார். பானை இல்லாமல் அவள் படி இறங்கினதே கிடையாது. அவளைக் காவல் காக்க அவருக்கு அந்தப் பானை போதும்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வாசலை அவரே சாணி தெளித்துப் பெருக்கினார். அந்த வேலையும் எப்போதோ அவர் கைக்கு வந்திருந்தது. அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். கொல்லைக்குப் போனார். எருமை காலை மாற்றி மாற்றி வைத்து அன்றைக்கு ரொம்பப் படுத்தியது. நடுவில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பானை இருந்தது. புல் கட்டை அவிழ்த்துப் போட்டார். பார்த்தார். பானை இருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தார். பானை இருந்தது.

பாலோடு உள்ளே வந்தபோதும் பானை இருந்தது. அவள் இல்லை. பாய் விரித்தபடி கிடந்தது. கதவு திறந்திருந்தது.

வடக்கே ஓடினார். ரத வீதி, அக்கிரகாரம், பாட்சா கடை வரை ஓடினார். பாட்சா கிண்ணத்தை எடுத்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். "வரலியே வே" என்றார். அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. தயிரும் மறந்துவிட்டது, பாதையும் மறந்துவிட்டது. டாக்டர் சொன்ன அந்தக் கறுப்பு, முப்பது வருஷப் பாதை வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டு பேரும் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் பாட்சா கீழே பார்த்தார். காலையில் தெளித்த சாணித் தரை பாதிதான் காய்ந்திருந்தது. படியிலிருந்து அவள் காலடி இறங்கியிருந்தது. ஓடுகிறவள் தடத்தில் முன்விரல் அழுந்தியிருக்கும். இது குதிகாலிலிருந்து விரல்வரை முழுப்பாதமாக, ஒன்றுபோல, அவசரமே இல்லாமல் பதிந்திருந்தது. பக்கத்தில், வடக்கே ஓடின சிவனாண்டியின் தடம் தவிர, வேறு தடமே இல்லை. வாசல் நடுவில் ஓரிடத்தில் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தன. அங்கிருந்து தெற்கே, ஒரு வாடிக்கை வீடும் இல்லாத பக்கமாக, தடம் போயிருந்தது. சாணித் தரை முடிந்து தெருப்புழுதி ஆரம்பிக்கிற இடத்தில் அதுவும் இல்லை.